கோப்பு எங்கே இருக்கிறது?

சங்க மலருக்கு இந்த முறை ஒரு கட்டுரை கொடுத்தே ஆக வேண்டும் என்று செயலாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். “அண்ணாச்சி, பேங்குல கம்ப்யூட்டர் பிரிவுல அத்தனை வருஷம் இருந்தீங்க. இலக்கியம் எழுத நம்மகிட்ட நிறைய ஆளு இருக்கு. நீங்க நம்ம ஆளுகளுக்குப் புரியற மாதிரி கம்ப்யூட்டரைப் பத்தி எழுதிக் குடுங்க” என்றார். என்ன எழுதுவது என்று யோசித்தபோது, என் தகப்பனார் பல வருஷங்களுக்கு முன்னால் கேட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. அதற்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

அப்பா 1951-ல் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறியவர். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு, தான் இங்கே வந்த கதையை இருநூறு பக்க நோட்டுப் புத்தகங்களில் எழுத ஆரம்பித்தார். நான் 1999-ல் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எழுதியதைத் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் கேட்டார்: “ஏ, இவ்வளவு பக்கம் தட்டியிருக்கியே, இதெல்லாம் அந்தப் பொட்டியில எங்கடே இருக்கு?”

“உள்ளேதான்ப்பா இருக்கு” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். பதில் தப்பில்லை. ஆனால் போதாது. அந்த ‘உள்ளே’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், பிறகு நடந்த நஷ்டத்தில் பாதியாவது நடந்திருக்காது.

இயங்குதளம் என்னும் மேலாளர்

முதலில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். தமிழில் இயங்குதளம் என்கிறார்கள். தாதர் ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்லோ வண்டி, ஃபாஸ்ட் வண்டி, வெளியூர் மெயில் என்று வண்டிகள் ஏராளம். பிளாட்பாரமோ கொஞ்சம்தான். எந்த வண்டி எப்போது எந்த பிளாட்பாரத்துக்கு வர வேண்டும், எது சிக்னலில் நிற்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒருவர் முடிவு செய்துகொண்டே இருக்கிறார். பயணிகளான நமக்கு அவர் முகம் தெரியாது. அவர் இல்லாவிட்டால் ஒரு வண்டியும் நகராது.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். கணக்குப் போடும் பிராசஸர் ஒன்று. அதன் வேலையைக் கேட்டு நிற்கும் மென்பொருள்கள் பல. பாட்டு ஓடுகிறது, கடிதம் அடிக்கிறோம், பிரிண்டர் அச்சடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வினாடியின் மிகச் சிறிய பங்கு நேரம் கொடுத்து, மாற்றி மாற்றி ஓட விடுவது இயங்குதளம். நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம் என்று பிரித்துக் கொடுப்பதும், கீபோர்டு, மானிட்டர், பிரிண்டரோடு பேசுவதும் அதன் பொறுப்பே. இவற்றோடு நாலாவதாக ஒரு வேலை உண்டு. நாம் எழுதியதை, எடுத்த போட்டோவை, கரண்ட் போனாலும் அழியாமல் டிஸ்க்கில் வைத்து, கேட்டபோது எடுத்துத் தருவது. நமக்கு வேண்டியது இந்த நாலாவது வேலைதான்.

இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். ஐபிஎம் நிறுவனத்தின் பர்சனல் கம்ப்யூட்டரோடு 1981-ல் டாஸ் வந்தது. அதன் முதல் பதிப்பில் போல்டருக்குள் போல்டர் வைக்கும் வசதியே கிடையாது. எல்லாக் கோப்பும் ஒரே கூடத்தில் கிடக்கும். 1983-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அந்த வசதி கிடைத்தது. 1991-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டொர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். இன்று பெரும்பாலோர் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடிப்படை அந்த லினக்ஸ்தான். 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது நீளமான கோப்புப் பெயர் வைக்க முடிந்தது. அதுவரை பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் மூன்று எழுத்து, அவ்வளவுதான். நம் சென்னையிலும் சிடாக் நிறுவனம் லினக்ஸை வைத்து ‘பாஸ்’ என்ற இயங்குதளத்தை உருவாக்கி, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடம் கொடுத்தது.

கோப்பு வேறு, முகவரி வேறு

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம். தட்டச்சு செய்த பக்கம் எங்கே இருக்கிறது?

டிஸ்க்கை இயங்குதளம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. விண்டோஸில் பெரும்பாலும் ஒரு கட்டம் 4,096 பைட். 500 ஜிபி டிஸ்க் என்றால் சுமார் 12 கோடி கட்டங்கள். நீங்கள் ஒரு போட்டோவைச் சேமிக்கும்போது, காலியாக உள்ள கட்டங்களைத் தேடி அதை நறுக்கி நிரப்பிவிடுகிறது. எல்லாக் கட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு துண்டு இங்கே, இன்னொரு துண்டு நூறு கட்டம் தள்ளி என்றுகூட இருக்கும்.

அப்படியானால் திரும்பச் சேர்ப்பது எப்படி? அதற்குத் தனியாக ஒரு பதிவேடு இருக்கிறது. இந்தப் பெயருள்ள கோப்பு இந்தப் போல்டரைச் சேர்ந்தது, இந்தத் தேதியில் எழுதியது, இந்தந்தக் கட்டங்களில் இருக்கிறது என்று அதில் குறித்திருக்கும். நாம் திரையில் பார்க்கும் மஞ்சள் போல்டரும் அதற்குள் இருக்கும் பெயர்களும் இந்தப் பதிவேட்டின் வரிகளே. டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்தால் மஞ்சள் உறை எதுவும் இருக்காது.

மும்பைக்காரர்களுக்கு டப்பாவாலாவை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். டப்பா மூடியில் வண்ணத்தில் சில எழுத்தும் எண்ணும் எழுதியிருக்கும். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று அதிலேயே இருக்கிறது. கோப்பின் பாதை என்பதும் அதுதான். சி டிரைவ், அதில் ‘குடும்பம்’ போல்டர், அதற்குள் ‘போட்டோ’, அதற்குள் ‘2004’ என்று வாசல் வாசலாக நுழைந்து போகிற விலாசம். டப்பாவில் சாம்பார் இருக்கலாம், சப்பாத்தி இருக்கலாம். கொண்டுபோகிறவருக்கு விலாசம்தான் முக்கியம். விலாசம் அழிந்துவிட்டால் சாப்பாடு எங்கோ பத்திரமாக இருக்கும், ஆனால் யாருக்கும் போய்ச் சேராது.

இதைப் புரிந்துகொண்டால் தினமும் பார்க்கிற ஒரு அதிசயத்துக்கு விடை கிடைத்துவிடும். ஒரு பெரிய சினிமாக் கோப்பை ஒரே டிரைவில் ஒரு போல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதையே பென் டிரைவுக்கு அனுப்பினால் பல நிமிஷம் ஆகிறது. ஏன்? முதலாவதில் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, பதிவேட்டில் விலாசம் மட்டும் மாறுகிறது. இரண்டாவதில் ஒவ்வொரு கட்டமாக எடுத்து வேறொரு பொருளில் நிஜமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அழித்தால் அழிந்துவிடுமா?

டெலீட் என்று அமுக்கியதும் கோப்பு ‘ரீசைக்கிள் பின்’ என்ற குப்பைக்கூடைக்குப் போகிறது. அது வீட்டுக் குப்பைக்கூடை மாதிரிதான். வெளியே கொட்டாதவரை கையை விட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பென் டிரைவிலிருந்து அழித்தால் சாதாரணமாக அது கூடைக்கே போகாது, நேராகப் போய்விடும். பள்ளிக்கூடப் பிராஜெக்டை பென் டிரைவில் மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

கூடையையும் காலி செய்துவிட்டால்? அப்போதும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் கட்டங்களில் உள்ளது உடனே அழிவதில்லை. ‘இந்தக் கட்டங்கள் இனி காலி’ என்று பதிவேட்டில் குறிக்கப்படுகிறது, அவ்வளவே. டாஸ் காலத்தில் கோப்பை அழித்தால், அதன் பெயரின் முதல் எழுத்தின் மேல் ஒரு குறி விழும். அதனால்தான் 1991-ல் வந்த டாஸ் ஐந்தாம் பதிப்பில் அழித்ததை மீட்கும் கட்டளையைக் கொடுத்தால், ‘முதல் எழுத்து என்ன?’ என்று நம்மைத் திருப்பிக் கேட்கும். எங்கள் ஆபீசில் இப்படி ஒரு முதல் எழுத்தைச் சொல்லி, ஒரு கிளையின் ஒரு நாள் கணக்கையே மீட்டோம்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, தெரியாமல் எதையாவது அழித்துவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள். பாட்டு இறக்குவதும், மீட்கும் மென்பொருளை அதே டிரைவில் நிறுவுவதும் கூடாது. காலி என்று குறித்த கட்டத்தில் புதியது வந்து உட்கார்ந்துவிட்டால் பழையது திரும்பாது. இரண்டு, பழைய கம்ப்யூட்டரையோ போனையோ விற்கும்போது, ‘எல்லாம் டெலீட் பண்ணிட்டேன்’ என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வங்கிக் கணக்கு விவரம், ஆதார் நகல் எல்லாம் உள்ளே இருக்கலாம். போன் என்றால் அதிலேயே உள்ள ‘ஃபாக்டரி ரீசெட்’ செய்துவிட்டுக் கொடுங்கள். கம்ப்யூட்டர் என்றால் டிஸ்க் முழுவதையும் துடைத்து எழுதச் சொல்லுங்கள், அல்லது டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வரும் லேப்டாப்களில் சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி என்ற சில்லு வகைச் சேமிப்பகம் இருக்கிறது. இதில் கதை வேறு. அழித்த கட்டங்கள் எவை என்று இயங்குதளம் உடனே அதற்குச் சொல்லிவிடுகிறது, அதுவும் அவற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிடுகிறது. வேகத்துக்கு நல்லது. மீட்புக்கு நல்லதல்ல. பழைய கம்ப்யூட்டரில் ஒரு தடவை மீட்டோமே என்ற தைரியத்தில் புதியதில் இருக்கக் கூடாது.

அடுக்கி வைப்பது

நம் வீடுகளில் பலசரக்கு டப்பாக்களை எவ்வளவு ஒழுங்காக அடுக்குகிறோம்! துவரம் பருப்பு எது, கடலைப் பருப்பு எது என்று இருட்டில் தொட்டே சொல்லிவிடுவார்கள். அதே வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தால் ‘புதிய போல்டர்’, ‘புதிய போல்டர் 2’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘இதுதான் ஃபைனல்’ என்று கிடக்கிறது. நான் பல வீடுகளில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

எளிமையான முறை ஒன்று சொல்கிறேன். பெயரின் தொடக்கத்தில் தேதி வையுங்கள். அதுவும் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில். 2004-05-23 ராதா கல்யாணம், 2004-11-12 தீபாவளி என்று. இயங்குதளம் பெயர்களை இடமிருந்து வலமாக ஒப்பிட்டுத்தான் வரிசைப்படுத்துகிறது. நாளை முதலில் எழுதினால் எல்லா வருஷத்து ஒன்றாம் தேதிகளும் ஒரே இடத்தில் கூடிவிடும். மாதத்தை இரண்டு இலக்கத்தில், 05 என்று பூஜ்யத்தோடு எழுத வேண்டும்.

வீட்டுக்கு நாலைந்து பெரிய போல்டர் போதும்: ஆவணங்கள், போட்டோ, பிள்ளைகள் படிப்பு, எழுத்து, கணக்கு. மூன்று வாசலுக்கு மேல் நுழைய வேண்டாம். பெயரைப் படித்தாலே, எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோதும், உள்ளே இருப்பது தெரிய வேண்டும். இது முக்கியம். நாளைக்கு நம் பேரப்பிள்ளைகள்தான் தேடப்போகிறார்கள்.

டெஸ்க்டாப்பில் எல்லாவற்றையும் பரப்பி வைக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. அது மேஜை மாதிரி தெரிந்தாலும், அதுவும் சாதாரணமாக சி டிரைவில் உள்ள ஒரு போல்டர்தான். வைரஸ் என்றோ, புது விண்டோஸ் போட வேண்டும் என்றோ மெக்கானிக் வந்து சி டிரைவை ஃபார்மட் செய்தால் டெஸ்க்டாப்பும் சேர்ந்து போய்விடும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. இப்படி இயங்குதளம் மாற்றும் சமயங்களில்தான் வீட்டுக் கோப்புகள் அதிகம் தொலைகின்றன. மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்பே வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, இரண்டு கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

2005 ஜூலை 26

இத்தனையும் தெரிந்தவன் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

வங்கியில் எங்கள் பிரிவில் ராத்திரிதோறும் அன்றைய கணக்கு முழுவதையும் டேப்பில் பிரதி எடுப்போம். காலையில் அந்த டேப் வேறொரு கட்டடத்துக்குப் போய்விடும். ஒரே கட்டடத்தில் அசலும் பிரதியும் இருக்கக் கூடாது என்பது விதி. ஒரு நாள் தவறினாலும் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். பல வருஷம் இதை நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

வீட்டில்? அப்பாவின் கதை கம்ப்யூட்டரில் இருந்தது. பிரதி எடுத்த சிடி அதே மேஜையின் கீழ் டிராயரில் இருந்தது. நோட்டுப் புத்தகங்கள் அதே அறையில் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தன. எங்கள் வீடு குர்லாவில் தரைத் தளம்.

அன்றைக்கு சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. மலர் படிப்பவர்களில் பலருக்கு அந்த நாளை நான் விவரிக்க வேண்டியதில்லை. நான் ஆபீசிலிருந்து நடந்தே மறுநாள்தான் வீடு வந்து சேர்ந்தேன். அம்மாவையும் அப்பாவையும் மாடி வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர் நின்று வடிந்திருந்தது. நோட்டில் மை கரைந்து நீலக் கறைதான் மிச்சம். சிடியின் மேல் சேறு, மேல்பூச்சு உரிந்துவிட்டது. இரண்டு நாள் காயவைத்து, பொறுமை இல்லாமல் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுத்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது. தண்ணீர் புகுந்த டிஸ்க்கைச் சுழலவிடாமல், மீட்புத் தொழில் தெரிந்தவரிடம் அப்படியே கொடுத்திருக்க வேண்டும். ஒரு கிரீச் சத்தம் கேட்டது, அதோடு முடிந்தது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. “உசுரு தப்பிச்சுதே, போதும்டே” என்றார். ஆனால் அன்றைக்கு அந்த ஸ்டூலை அவர் மாடி வராண்டாவில் போட்டு உட்கார்ந்து, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இரண்டு மாதம் கழித்துப் பாளையங்கோட்டையிலிருந்து தங்கை போன் செய்தாள். “அண்ணே, 2003 பொங்கலுக்கு நீங்க கல்யாணப் போட்டோ போட்டு ஒரு சிடி குடுத்தீங்கல்ல, அதுல அப்பான்னு ஒரு போல்டர் இருக்கு. என்னமோ புரியாத எழுத்தா இருக்கு” என்றாள். சிடியில் 700 எம்பி இடம் இருக்கிறதே, சும்மா கிடப்பானேன் என்று அப்போது தட்டச்சு முடிந்திருந்த பக்கங்களையும் சேர்த்துப் போட்டது எனக்கே மறந்துபோயிருந்தது. யோசித்துச் செய்த பிரதி தண்ணீரில் போயிற்று, யோசிக்காமல் செய்த பிரதி தப்பியது.

திறந்தது, ஆனால் படிக்க முடியவில்லை

சிடி தபாலில் வந்தது. கோப்பு திறந்தது. ஆனால் தமிழ் இல்லை. தலையில் கொக்கியும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக நின்றன. கோப்பு கெட்டுவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

கெடவில்லை. கோப்புக்குள் எழுத்தின் வடிவம் இருப்பதில்லை, எண்கள்தான் இருக்கின்றன. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது ஓர் ஒப்பந்தம். அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்டுகளில் மொத்தம் 256 இடம். அதற்குள் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமிழ் எழுத்துகளைத் தம் வசதிப்படி வைத்தார்கள். ஒரு ஃபான்டில் ‘அ’ இருந்த எண்ணில் இன்னொன்றில் ‘கூ’ இருக்கும். இதை ஒழுங்குபடுத்த 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாக டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. அதற்கு இணையாக உலகெங்கும் உள்ள தமிழர்கள் இணையத்தில் கூடி உருவாக்கிய டிஸ்கி என்ற முறையும் இருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை டிஸ்கியிலும் வெளியிட்டது, பிறகு யூனிகோடுக்கு மாற்றியது.

யூனிகோடு என்பது உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் ஒப்பந்தம். 1991-ல் அதன் முதல் பதிப்பு வந்தபோதே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. விண்டோஸ் 2000 முதல் லதா என்ற ஃபான்டோடு அது நம் கம்ப்யூட்டர்களுக்கு வந்தது. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்று போனில் நீங்கள் தமிழில் அனுப்பும் செய்தி அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அப்படியே தமிழாகத் தெரிகிறதே, அதற்குக் காரணம் இந்தப் பொது ஒப்பந்தம்.

நான் தட்டச்சு செய்தது அதற்கு முந்தைய ஒரு தனி ஃபான்டில். ஃபான்ட் இருந்த சிடியும் வெள்ளத்தில் போய்விட்டது. சங்க மலருக்கு டிடிபி செய்துகொண்டிருந்த நண்பரிடம் அதே ஃபான்ட் இருந்தது. அவர் கொடுத்ததை என் கம்ப்யூட்டரில் போட்ட மறுநிமிடம் அப்பாவின் வரிகள் திரையில் வந்தன. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

சில வருஷம் கழித்து, மாற்றும் மென்பொருளை வைத்து அதை யூனிகோடுக்கு மாற்றினேன். அதிலும் ஒரு வேடிக்கை. ‘சோறு’ என்று தேடினால் ஒரு இடத்தில்கூட இல்லை என்றது. அப்பா சோற்றைப் பற்றி எழுதாத பக்கமே கிடையாது! பார்த்தால், கண்ணுக்குச் ‘சோ’ என்று தெரிந்தாலும் உள்ளே கொம்பு தனி எண்ணாகவும் கால் தனி எண்ணாகவும் நின்றன. அவற்றைச் சேர்த்த பிறகுதான் தேடல் வேலை செய்தது. ஆகவே உங்கள் வீட்டில் பழைய ஃபான்டில் கோப்பு இருந்தால், அந்த ஃபான்ட் கையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். மாற்றியதை அசலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் வையுங்கள். அதற்குள் ஃபான்டையும் பொதிந்து வைக்கலாம் என்பதால் எங்கே திறந்தாலும் பார்த்தபடியே இருக்கும்.

மூன்று, இரண்டு, ஒன்று

கம்ப்யூட்டர் துறையில் ஒரு எளிய கணக்கு உண்டு. முக்கியமான எதற்கும் மூன்று பிரதி. இரண்டு விதமான பொருள்களில். அதில் ஒன்று வேறு ஊரில், குறைந்தபட்சம் வேறு கட்டடத்தில். ஒன்று லேப்டாப்பில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று ஊரில் உள்ள தங்கை வீட்டில். வெளியூர்த் தமிழர்களான நமக்கு இந்த மூன்றாவது பிரதி மிகச் சுலபம். எப்படியும் வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறோம். முறுக்கு, அதிரசம் வாங்கி வரும் கையோடு ஒரு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு, போன வருஷத்து டிஸ்க்கை வாங்கி வரலாம்.

“இப்பதான் எல்லாம் கிளவுட்ல இருக்கே மாமா” என்று பிள்ளைகள் சொல்வார்கள். இருக்கட்டும், நல்லதுதான், அதையும் ஒரு பிரதியாக வையுங்கள். ஆனால் கிளவுட் என்பதும் வேறு யாரோ ஒருவருடைய கட்டடத்தில் உள்ள கம்ப்யூட்டர்தான். பல சேவைகள் போனையும் கிளவுடையும் ஒரே மாதிரி வைத்திருக்கும். போனில் அழித்தால் அங்கேயும் அழியும். கூடையில் சில நாள் இருக்கும், பிறகு அதுவும் போகும். பாஸ்வேர்ட் வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும் என்றால், அவருக்கு ஒன்று ஆனால் எல்லாம் பூட்டிய அறை. இன்னொன்று, பொருள்களும் பழசாகும். என் பழைய ஃப்ளாப்பிகள் 1.44 எம்பி. அவற்றைப் படிக்க இன்று வீட்டில் ஒரு கருவியும் இல்லை. புது லேப்டாப்களில் சிடி போடும் இடமே இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லாவற்றையும் புதிய பொருளுக்கு மாற்ற வேண்டும்.

கடைசியாக, அப்பாவின் கதை முழுவதும் கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. மொத்தம் 142 பக்கத்தில் 96 பக்கம் கிடைத்தது. 2003 பொங்கலுக்குப் பிறகு தட்டச்சு செய்தது போனது போனதுதான். அதில் ஒரு அத்தியாயம் முழுக்க ஒரு பட்டியல். தாராவியில் ஒரே அறையில், ஷிஃப்டு மாற்றி ஷிஃப்டு படுத்து எழுந்த ஊர்க்காரர்கள் 31 பேரின் பெயர், ஊர், யார் எந்த வேலைக்குப் போனார்கள் என்ற விவரம். அப்பாவை உட்கார வைத்து மறுபடியும் சொல்லச் சொன்னேன். 19 பெயர் சொன்னார். பிறகு நிறுத்திவிட்டு, “முகம் தெரியுதுடே, பேரு வரலை” என்றார். 2011-ல் அவரும் போய்விட்டார்.

அந்த 96 பக்கமும் 19 பெயரும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. குர்லாவில் என் கம்ப்யூட்டரில், பாளையங்கோட்டையில் தங்கையின் பீரோவில், புனேயில் மகள் வீட்டில். அந்த அறையில் தங்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இந்த மலரைப் படிக்கலாம். 1951 முதல் தாராவியில் அம்பாசமுத்திரம் பக்கத்து ஆட்களோடு தங்கியதாக உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்லியிருந்தால், சங்க அலுவலகத்தில் சொல்லி அனுப்புங்கள். இன்னும் 12 பெயர் வேண்டும்.